தம்பியின் கணினியில் படிந்த சாம்பிராணி

தம்பிக்கு நினைவுப் பூசை முடிந்த வாரத்தில் அம்மா என்னிடம் கேட்டார்: "அந்தப் பொட்டியக் கொஞ்ச நேரம் போட்டு விடேன் கண்ணு. சும்மா ஓடட்டும்."

பொட்டி என்றது மாடி அறையில் இருந்த அவனுடைய கேமிங் கம்ப்யூட்டரை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கி அவனே பூட்டியது. ஞாயிறு மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு அவன் விளையாடினால், அதன் ஃபேன் இரைச்சல் கீழே சமையலறை வரை கேட்கும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுத் திணறல் வந்தது. அவன் திரும்பி வரவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டா அவன் மேல இருக்கிற மாதிரி இருக்குது" என்றார் அம்மா.

வெறுமனே போட்டால் சத்தமே வரவில்லை. விளையாட்டைத் திறந்த பிறகுதான் ஃபேன்கள் சுற்றின. கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அவனுடைய பெயரிலேயே அது உள்ளே விட்டது. பனி மூடிய ஒரு காடு. நடுவில் துப்பாக்கியோடு ஓர் ஆள். அவனை அப்படியே நிற்க வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அம்மா வெங்காயம் உரித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாளில் போன் வந்தது. தம்பியோடு ஆன்லைனில் விளையாடும் திருச்செங்கோட்டுப் பையன், அடக்கத்துக்கும் வந்திருந்தான்.

"அக்கா, ஏனுங்க... அங்க யாருங்க கேம்ல இருக்கறது? அண்ணன் ஆன்லைன்ல இருக்கற மாதிரி பேரு பச்சையா எரியுதுங்க. நாங்க எல்லாரும் ஆட்டத்த நிறுத்திப் போட்டோமுங்க."

"நான்தான்ப்பா. அம்மாவுக்காகப் போட்டு வெச்சேன்."

 "அப்படியே இருக்கட்டுங்க அக்கா. அணைச்சுப் போடாதீங்க" என்றான்.

அவனும் அவன் கூட்டாளிகளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நானும் விளையாடக் கற்றுக்கொண்டேன். கோடை தொடங்கியதும் பொட்டி மாறிப்போனது. முதலில் நன்றாக ஓடும். கொஞ்ச நேரத்தில் படம் திக்கத் தொடங்கும். ஃபேன்கள் ஓலமிடும்.

"ஊட்டுல நெட்டு சரியில்லைங்களா? கேம்ல நடந்துட்டே இருக்கறவரு நின்னு போறாருங்க. அப்புறம் பார்த்தா வேற எடத்துல இருந்து வாராருங்க" என்றான் பையன், குரலைத் தாழ்த்தி.

அன்று அம்மா மாடி ஏறி வந்து கதவருகே நின்றார். முகம் வெளிறியிருந்தது. "கடைசியா இப்படித்தான மூச்சு வாங்குனான்" என்றார்.

அதன்பின் அதைச் சரி செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை. பையன் வீடியோ காலில் வந்தான். பின்னணியில் வேறு ஏதாவது புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னான், இல்லை. படத்தின் தரத்தை அடியோடு குறைக்கச் சொன்னான். காடு மங்கியது, திக்கல் குறையவில்லை.

"அப்ப படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு மேல தப்பில்லைங்க அக்கா. அதுக்கு இப்ப வேலையே கம்மி. புராசசர் சூட்டைப் பாருங்க."

விளையாட்டு ஓடும்போதே திரையின் மூலையில் சூடும் வேகமும் தெரியும்படி வைத்தோம். சூடு நூறு டிகிரியைத் தொடும்போதெல்லாம் புராசசரின் வேகம் பாதிக்கும் கீழே சரிந்தது. சூடு தாங்காமல் அது தன்னைத் தானே அடக்கிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. புராசசர் மேலிருந்த ஃபேனிலும் அதன் அடியிலிருந்த உலோகத் தகடுகளிலும் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பொட்டி இருந்த மேசையில்தான் தம்பியின் படமும் இருந்தது. அம்மா அதன் முன்னால் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றிச் சாம்பிராணி போட்டு ஜெபமாலை சொல்வார். அந்தப் புகையையெல்லாம் பொட்டி உள்ளே இழுத்திருந்தது.

தூரிகையால் துடைத்தேன். தகடுகளின் இடுக்கில் பஞ்சு நுழைத்து எடுத்தேன். ஃபேனைக் கழற்றி, அடியில் காய்ந்து வெடித்திருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து என் கரிபிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி ஓடவிட்டோம். சூடு எழுபதைத் தாண்டவில்லை. படம் எங்கும் நிற்கவில்லை. சத்தம் அநேகமாக இல்லை.

"ஓடுதா?" என்றார் அம்மா.

"ஓடுதும்மா."

"ஒண்ணுமே கேக்கலையே."

செட்டிங்கை மாற்றி ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கலாம் என்று பையன் சொன்னான். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். தம்பியின் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு கீழே போனார். கூடத்தில் மாதா சுரூபத்துக்கு அருகில் வைத்தார். அதற்குப் பிறகு மாடிக்கு அவர் வருவதில்லை.

நான் மட்டும் இன்னும் விளையாடுகிறேன். திரை திக்கிக்கொண்டிருந்தவரை தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. தம்பியின் கை வேகமான கை. மவுஸைத் தொட்டாலே ஆள் திரும்பும்படி வைத்திருக்கிறான். அதை நான் குறைக்கவில்லை. ஒரு மரத்தைப் பார்க்க லேசாக நகர்த்துகிறேன். அந்த ஆள் சரேலென்று முழுக்கத் திரும்பி, எனக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறான்.