வாசலக்கா கேட்க மறந்த கேள்வி

அந்த டிக்கெட் ஆபீசில் அவளுக்கு வாசலக்கா என்றுதான் பெயர். "விமானம் எவ்வளவு நேரம்க்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, பிடித்துக்கொள்வாள். "விமானத்தை விடுங்க. உங்க வீட்டு வாசல்ல கிளம்பி, போற இடத்து வாசல்ல இறங்குற வரைக்கும் எவ்வளவு நேரம்? அதைச் சொல்லுங்க!" விமான நிலையத்துக்குப் போகும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம், பறக்கும் நேரம், பெட்டி வரும் நேரம், அப்புறம் ரோடு. எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் கூட்டிக் கையில் திணித்த பிறகுதான் டிக்கெட் போடுவாள். பதினெட்டு வருஷமாக இதே பாட்டு. அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவளா அசைவாள்?

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் தம்பியிடமிருந்து போன். நெஞ்சில் அடைப்பாம், அன்றைக்கே ஆபரேஷனாம்.

"நாலு மணிக்கு உள்ள கொண்டு போறாங்கக்கா. அதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை பார்த்துட்டா பயப்படாமப் போயிடுவேன்."

அம்மா போன பிறகு அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை அவன். கை கால் ஓடவில்லை. தம்பி ஊர்ப் பக்கம் போக, இங்கிருந்து கிட்டத்தில் இருந்த விமான நிலையத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். நானூற்று எண்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம், பதினொன்றரைக்குப் புறப்பாடு. "மதியம் ஒண்ணுக்கெல்லாம் இறங்கிடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பணம் கட்டப் போனாள்.

எதிரே தன் டிக்கெட்டுக்காக வந்த பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். போன மாதம் அவளிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வாசல் கணக்குப் போட்டீங்களா?"

சுருக்கென்றது. துண்டுச்சீட்டை இழுத்தாள். அந்த விமான நிலையத்திலிருந்து தம்பி ஊருக்கு மூன்றரை மணி நேர மலை ரோடு. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது நாலே முக்கால் ஆகிவிடும். அட பாவி மகளே!

வேறொரு விமான நிலையத்துக்கு இன்னொரு விமானம் இருந்தது. தொள்ளாயிரம் கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிஷம், பதினொன்றே முக்காலுக்குப் புறப்பாடு. தம்பி ஊரையே தாண்டிப் பறந்துபோய், அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் திரும்பி வர வேண்டும். கூட்டினால் மூன்றே கால். கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டாள்.

மூன்று இருபதுக்குத் தம்பியின் கட்டிலருகே நின்றாள். அவன் அவள் விரலைப் பிடித்தவன் விடவே இல்லை. கடைசியில் நர்ஸ்தான் பிரித்து எடுத்தார். உள்ளே போகும்போது அவன் சிரித்துக்கொண்டே போனான்.

ஆறரைக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அவள் முதலில் கூப்பிட்டது பெயிண்டரைத்தான்.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

"அட, நான் என்ன பண்ணேன்? நீங்க சொன்னதைத்தானே திருப்பிச் சொன்னேன்" என்றார் அவர். "சரி, நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

எல்லாக் கணக்கும் போட்ட மகராசி, அதைப் போடவே இல்லை.