ப்ளைவுட் எழிலரசி

சுண்டுவிரலைத் தண்ணீரில் தோய்த்து, பலகையின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, எழிலரசி ஒன்று, இரண்டு என்று முணுமுணுக்கிறார். நான்கு எண்ணுவதற்குள் சொட்டைக் காணோம். "பாத்தீங்களா, காலையிலயே எப்படி இழுக்குதுன்னு? பலகையில மொகப் பக்கமெல்லாம் நல்ல புள்ளைங்க. ஓரந்தான் குடிகாரன்."

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் இடத்தில் அவருக்கு வேலை. ஃபைபர் படகுகளின் இன்ஜின் பெட்டி மூடி, உட்காரும் பலகை, ஐஸ் பெட்டிக் கதவு எல்லாம் ப்ளைவுட்தான். வெறும் பலகையாக வருவதை உப்புத்தண்ணீர் நுழையாதபடி அடைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். வயது நாற்பதுக்குள். புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. இந்த மாதம் கரையில் எத்தனை நிறப் படகுகள் நின்றன என்று அந்தக் கைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதல் பூச்சுக்கு ரெசின் என்னும் பிசினில் தின்னர் கலந்து தண்ணீர்போல ஆக்கிக்கொள்கிறார். அது மரத்துக்குள் இறங்க வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பு. பிறகு கெட்டியாக இன்னும் இரண்டு பூச்சு, ஓரங்களுக்கு மட்டும் நான்கு. பிரைமரும் எனாமலும் அதற்கப்புறம்தான். பதினொரு மணிக்குக் கடல்காற்று ஏறினால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவார். "காத்து சும்மாவா வருது, உப்பையும் தூக்கிட்டு வருது."

கீல் மாட்டும் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் நிரப்பி, இறுகியதும் நடுவில் சின்னதாக மறுபடி துளைக்கிறார். ஒரே ஓட்டையை ஏன் இரண்டு தடவை போட வேண்டும் என்று கேட்டேன். "ஓட்டை போட்டா உள்ளாறயும் ஓரம் வந்துடுதில்ல?" என்றார். பட்டம் வாங்கிய கையோடு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் நான், அதுவரை ஓட்டைக்கும் ஓரம் உண்டென்று யோசித்ததில்லை.

ஆறு படகு வைத்திருக்கும் அய்யனார் வீட்டு வேலை முழுக்க இவரிடம்தான் இருந்தது. போன ஆண்டு கொடுத்த மூடி ஒன்று தீபாவளிக்குள் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்துபோயிற்று. அய்யனார் அதைக் கரை முழுக்கச் சொல்ல, மற்றவர்களும் பலகை கொடுக்கத் தயங்கினார்கள். எழிலரசி அந்த மூடியைக் குப்பையிலிருந்து எடுத்து வந்து அறுத்துப் பார்த்திருக்கிறார். ஓரமெல்லாம் வெளுப்பாக, நல்லபடியாக இருந்தது. முகப்பில், தான் போடாத ஒரு சின்ன ஓட்டையைச் சுற்றி மட்டும் கறுப்பு.

"அய்யனாரு மாமாகிட்ட, இது என் ஓட்டை இல்லன்னு சொன்னேன். ஓட்டையில கூட உன்னுது என்னுதுன்னு இருக்கான்னு சிரிக்கிறாரு."

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் அய்யனார் அதே படகுக்கு ஒரே ஒரு மூடி கொடுத்தார். "இது நின்னா மத்த அஞ்சும் உனக்கு. இல்லன்னா வேற ஆளு."

படகு கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் காலை, பூசைக்கு நானும் போயிருந்தேன். புது மூடி நீலமாக மின்னியது. கற்பூரம் காட்டி முடிந்ததும் அய்யனாரின் மனைவி ராசம்மாள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரத்தை எடுத்தார். இன்னொரு கையில் ஆணியும் கல்லும். மூடியின் முகப்பில் வைத்து நாலே தட்டு. சரம் தொங்கியது.

"ஃபைபர்ல ஆணி எறங்காது. வருஷா வருஷம் இதுலதான்" என்றார் எங்களிடம்.

எழிலரசி ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். நானாக இருந்தால் அங்கேயே போன ஆண்டு நியாயத்தைக் கேட்டுச் சண்டை பிடித்திருப்பேன். அவர், "அக்கா, ஆணியப் புடுங்கிட்டு ரெசின் வுட்டுத் திருப்பி வெச்சிடறேன்" என்றார்.

"அய்யய்யோ, கட்டிட்டா கட்டினதுதான்டி. சரம் தரையில பட்டுச்சுன்னா படகுக்கு ஆகாது. கழட்டி வாங்குறவங்க மேல திருஷ்டி எறங்கிடும்."

அய்யனார் தன் மனைவியின் பக்கம் திரும்பினார். "போன வருஷமும் இங்கதான் அடிச்சியா?"

"பின்ன, உன் தலையிலயா அடிப்பேன்?"

அய்யனார் ஆணியைச் சுற்றி விரலால் தடவினார். "பெயிண்டரம்மா, அப்ப அந்த ஓட்டை..."

"உங்க வூட்டு ஓட்டை மாமா."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அய்யனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எடுத்துத்தான் ஆவணும். சரத்த யாரு புடிக்கிறீங்க?"

ஒரு கையும் நீளவில்லை. என் கையும் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

எழிலரசி சரத்தைக் கழற்றி, நூலைத் தளர்த்தித் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். ஆணியைப் பிடுங்கினார். கொட்டாங்குச்சியில் ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் கலக்கி, தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு ஓட்டைக்குள் விட்டார். வழிய வழிய நிரம்பியதும் ஆணியை அதில் நிறுத்தினார். இறுக மூன்று மணி நேரமாவது ஆகும். கடல்காற்று ஏறிவிட்டது. நெஞ்சில் பழமும் மிளகாயும் ஆட, ஆணி சாயாதபடி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அப்படியே படகுக்குள் உட்கார்ந்துவிட்டார்.