காந்தமானியும் நாசி லெமாக் வண்டியும்

கிள்ளானுக்கு வெளியே, ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் எனக்கு மூன்று வாரம் காவல் வேலை. காத்தது ஒரு காந்தமானியை, அதாவது காந்தப்புலத்தை அளக்கும் ஒரு பெட்டியை. வானத்தில் இன்னொரு காந்தமானியோடு சிறிய விமானம் ஒன்று பறக்கும். பூமியின் காந்தப்புலம் பகலெல்லாம் கொஞ்சம் ஆடுமாம். அந்த ஆட்டம் மண்ணுக்குள் மின்சாரத்தை ஓடவிடுமாம். மேலே அளந்ததையும் கீழே அளந்ததையும் ஒப்பிட்டால், எந்த மண்ணில் அது சுலபமாக ஓடுகிறது, எங்கே உப்புநீர் ஏறியிருக்கிறது என்று கணிக்கலாம். எல்லாம் இந்த அளவெடுப்பை நடத்திய அதிகாரி மேடத்திடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எனக்கு ஒரே விதி: கருவிக்கு அருகே இரும்பு வரக்கூடாது. சாவியையும் பெல்ட்டையும் வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் நானே உள்ளே போவேன்.

என் வாய் சும்மா இருக்காது. வேலிக்கு அப்பால் மோட்டார் சைக்கிளில் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, விற்ற அக்காதான் பேச்சுத்துணை. ஒரு காலை, விமானம் பந்திங் பக்கம் வெயிலில் பறந்துகொண்டிருக்க, இங்கே மழை கொட்டியது.

"நனையாதீங்கக்கா, வண்டியோட உள்ள வாங்க" என்று நானே கேட்டைத் திறந்தேன்.

"அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதா, தம்பி?"

"அது உங்க சோத்தையா கேக்கப்போகுது? வாங்க லா!"

கருவிக்குப் பக்கத்தில் இருந்த என் கூடாரத்தில், வண்டியையும் நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் மேடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். நான் காத்த காந்தமானி வரைந்த கோடு ஓரிடத்தில் எகிறி, அரைமணி நேரம் அப்படியே நின்று இறங்கியிருந்தது.

"இன்னைக்குப் பறந்தது பூரா வேஸ்ட். யாரு வந்தா?"

"நாசி லெமாக் அக்கா, மேடம். சொல்லச் சொல்லக் கேக்காம வந்துட்டாங்க."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. மேடம் புகார் சொல்ல, மறுநாள் தோட்டத்து மேனேஜர் வந்து, அந்தப் பாதையிலேயே நிற்கக்கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அங்கே நிற்கும் லோரிக்காரர்களை நம்பித்தான் அக்காவின் வியாபாரமே. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"தம்பி! என்னால உங்க வேலைக்கு ஏதும் ஆச்சா? நீங்க நல்ல மனசுல கூப்பிட்டீங்க. எவன் போட்டுக் கொடுத்தான்னுதான் தெரியல."

"நான்தான்க்கா. நீங்களா வந்தீங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம். குழாயைத் திறந்து அடுத்த தட்டை எடுத்தார்.

"போங்க தம்பி. மொதலாளி பாக்குறாரு."