லாமெய் வீட்டுப் பன்றிகள் ஏன் கத்தவில்லை

தீவன வண்டி வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் நாற்பது வீடு. எல்லாக் கொட்டிலிலும் பன்றிகள் விடிந்ததிலிருந்து கத்தின. வெய் லாமெய் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் வசந்தப் புத்தாண்டு முடிந்த நாலாம் நாள், மனுஷருக்குப் பரவிய நோய்க்குப் பயந்து ஊர் எல்லையில் மண்ணைக் கொட்டிச் சாலையை மூடிவிட்டார்கள். மலைமேட்டிலும் சிவப்புத் துணி கட்டி, தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டவுனில் தீவனக் கடையும் மூடியாயிற்று. முன்பெல்லாம் சோளம் போட்டுக்கொண்டிருந்தோம், இப்போது பூராவும் கரும்பு. பன்றிக்கு மூட்டைத் தீவனம்தான். அதுவும் தீர்ந்த பிறகு அரிசி ஆலைத் தவிட்டைப் பங்கு போட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். அது எந்த மூலைக்கு?

லாமெய்க்கு அப்போது நாற்பத்தாறு வயது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷனுக்குக் குவாங்தோங் மாகாணத்தில் செருப்புக் கம்பெனியில் வேலை. அந்தச் சமயம் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவள் வந்த வருஷம் கோழி நோயில் ஊர்க்கோழி எல்லாம் செத்தது, அவள் கோழி மட்டும் பிழைத்தது. அதை யாரும் மறக்கவில்லை. முந்தின வருஷம் பன்றிக் காய்ச்சல் பக்கத்து ஊர்க் கொட்டில்களைக் காலி செய்தபோது கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டாள். பன்றிக்கொட்டிலைப் பூட்டுகிற ஆளை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

தினமும் காலையில் காவடித்தண்டில் இரண்டு வெறுங்கூடையோடு மேட்டுப்பக்கம் போவாள். திரும்பும்போது கூடைகள் நிறைந்திருக்கும், மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். ஒருநாள் பின்னாலேயே போனேன். சிவப்புத் துணிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் இறங்கினாள். எனக்குத் தாண்டத் தைரியம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஏறி வந்தாள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தீவன மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நேரே ஊர்க்காவலுக்கு இருந்த லூ பாவ்கென்னிடம் போனேன்.

"அண்ணே, லாமெய் எல்லை தாண்டிப் போறா. அந்தப் பக்கம் யார்கிட்டயோ தீவனம் வாங்குறா."

"கண்ணால பாத்தியா?"

"போறதப் பாத்தேன். வர்றதயும் பாத்தேன்."

"தீவனத்தோட நோயையும் சேத்துல்ல தூக்கிட்டு வருவா!"

அன்றைக்கே பாவ்கென் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறி நின்றேன்.

"கொட்டிலத் தொற."

"எதுக்கு?"

"பதுக்கி வச்சிருக்கிறதப் பாக்கணும்."

"பாருங்க. ஆனா செருப்பக் கழட்டிட்டு, காலச் சுண்ணாம்புத் தண்ணியில நனச்சுட்டு வாங்க. நீங்க எந்தக் கொட்டில மிதிச்சிட்டு வந்தீங்களோ, எனக்கெப்படித் தெரியும்?"

பாவ்கென்னுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் காலை நனைத்தார். உள்ளே மூட்டை ஒன்றும் இல்லை. மூடிய நீலப் பீப்பாய்கள் நான்கு இருந்தன. ஒன்றைத் திறந்ததும் புளித்த வாடை என் மூக்கு வரை வந்தது. கையை விட்டு அள்ளிப் பார்த்தார். பொடியாக நறுக்கிய ஆகாயத்தாமரை, காட்டு வாழைத்தண்டு, கொஞ்சம் தவிடு. கெடாமல் இருக்கப் புளிக்க வைத்திருந்தாள்.

"இத எங்க எடுத்த?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம், அணைத் தண்ணி தேங்கியிருக்கிற பள்ளத்துல. அங்க மனுசங்க யாரும் கெடையாது. நோய் என்ன, தவளை கிட்டேர்ந்தா வரும்?"

"அப்புறம் எதுக்கு மூடி மறச்சுக் கொண்டாந்த?"

"தெரிஞ்சா மூணு நாள்ல மொத்தத்தையும் வாரிடுவீங்க. என் பன்னிங்க மூணும் என்ன திங்கும்? இத்தன நாளா நான் எங்க போறேன்னு வேவு பாத்தீங்களே, பன்னிக்கு என்ன போடுறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

பேசும்போது அவள் கண் சுவரில் நின்ற என் மேல் இருந்தது. முக்காலியை விட்டு இறங்கிவிட்டேன்.

பாவ்கென் அவளிடம் இனி எல்லை தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை என் பெரிய பன்றி எழுந்திருக்கவில்லை. காதைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. எந்த முகத்தோடு போவது என்று மத்தியானம் வரை வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். பிறகு போனேன்.

"யார் அனுப்பினது? பாவ்கென்னா?" கதவைப் பாதிதான் திறந்தாள்.

"யாரும் இல்லக்கா. என் பன்னி விழுந்துருச்சு."

என் கையையும் காலையும் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் என்று நினைத்துத் திரும்பும்போது சுவருக்கு மேலே அதே புளித்த வாடையோடு ஒரு வாளி தெரிந்தது.

"வாளிய உன் பக்கம் நின்னு வாங்கிக்க சியூமான். இங்க வராத. கொதிக்க வச்சு, உப்பு ஒரு பிடி போட்டு, ஆற வச்சுக் கொடு. மொதல்ல கொஞ்சம், இல்லேன்னா பேதியாகும்."

வாங்கிக்கொண்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. காட்டிக்கொடுத்தவளுக்கு எதற்கு வாளி நிறையக் கொடுக்கிறாள்? அதில் எதையாவது கலந்திருந்தால்? என்னிடம் இரண்டு பன்றிகள் இருந்தன. சின்னதுக்கு மட்டும் போட்டுவிட்டு, கிடக்கிற பெரியதுக்குத் தவிட்டுத் தண்ணீரை வாயில் வடித்து, பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சின்னது தொட்டியை நக்கிவிட்டு இன்னும் கேட்டது. அதற்கப்புறம்தான் பெரியதுக்கு ஊட்டினேன். மூன்றாம் நாள் அது எழுந்து நின்றது.

வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது லாமெய் கேட்டாள்: "சின்னதுக்குப் போட்டு சோதிச்சுப் பாத்தியா?"

"ஆமாக்கா."

"நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாயில் முகமூடி போட்டிருந்தாள்.

பாவ்கென்னிடம் நானே போனேன். நான் சொன்னது தப்பு என்றேன். ஊரில் பன்றிகள் விழ ஆரம்பித்திருந்ததால் அவரும் வீம்பு பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கு பேர், கூடவே ஒரு காவல் ஆள் என்று பள்ளத்துக்கு விட்டார். லாமெய்தான் யார் யார் எவ்வளவு அறுக்கலாம், பீப்பாயை எப்படி இறுக்கி மூடுவது என்று அதட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். அவள் பயந்தது பொய்யில்லை. ஒன்பதாம் நாள் பள்ளத்தில் வெறும் தண்ணீர்தான் மிச்சம். அதன்பின் சரிவில் ஏறி வாழை வெட்டினோம். ஒரு வாரம் கழித்து மண்மேட்டை அகற்றினார்கள், தீவன வண்டி வந்தது. இரண்டு வீட்டில் பன்றி செத்தது. மற்றதெல்லாம் எலும்பு தெரிய நின்றாலும் பிழைத்தது.

நானும் லாமெயும் அதற்காக உயிர்த்தோழிகளாகிவிடவில்லை. ஆனால் தீவன வண்டி வந்த பிறகும், வாழை வெட்டப் போகும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "ஏய் சியூமான், வர்றியா? கூடைய எடு."