டிஷ்ஷைக் கழற்றிய பிறகு

எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது ரெண்டு ஆள் வேலை. மேலே என் வீட்டுக்காரர், கீழே நான். படம் புள்ளி புள்ளியாகப் போனால் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்புவார். நான் ஒரு காலை வாசலுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றுகொள்வேன். "இன்னாமே, வந்துச்சா?" என்று மேலிருந்து குரல் வரும். வரல, வரல, கொஞ்சம் இந்தப் பக்கம், ஐயோ போச்சு, பழைய இடத்துக்கே திருப்புங்க என்று நான் கத்துவேன். புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கே அந்தக் கத்தல் மனப்பாடம். நான் "வந்துடுச்சு" என்றதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த மாடி மேல் அவருக்கு ஏன் அவ்வளவு உயிர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நாங்கள் செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தோம். என் மாமனார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்த நிலக்காரர் வீட்டில்தான் ஊரிலேயே முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா போடுவார்கள். எங்கள் தெரு ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். உள்ளே வா என்று அவர்களும் சொல்லமாட்டார்கள், இவர்களும் போகமாட்டார்கள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் நானும் அவரோடு போனேன். படத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், என்ன ஆகுமோ என்று நான் வாயைப் பிளந்து நிற்கிறேன், அந்த வீட்டம்மா எழுந்து வந்து, கொசு வருது என்று உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்திவிட்டாள். கோபமாகச் சாத்தியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். அங்கே ஆள் நிற்பதே அவள் கண்ணில் படவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

திரும்பி வரும்போது அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பம்புசெட்டு தாண்டியதும், நம்ம வூட்டு மேல ஒரு நாள் டிவி கம்பி நிக்கும், வூட்ல ஜன்னலே வைக்கமாட்டேன் என்றார். ஜன்னல் இல்லாமல் காற்றுக்கு என்ன செய்வதாம் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

சொன்னதைச் செய்தார். அணுமின் நிலைய டவுன்ஷிப் ஊழியர்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்து, புதுப்பட்டினத்தில் மனை வாங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரெண்டு அறை கட்டினார். முன் அறைக்கு ஜன்னல் இல்லை. அதற்குப் பதில் தெருவைப் பார்த்து அகலமாக ஒரு ரெட்டைக் கதவு வைத்தார். டிவியைக் கதவுக்கு நேரே வைத்தார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம். வெளியே நிற்கிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். மழைச்சேற்றுக் காலோடு வருவார்கள், தரையைத் துடைக்கிறவள் நான்தான். அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். துடைத்தும் இருக்கிறேன்.

பிறகு கேபிள் காலம் வந்தது. ஒயர் மெயின் ரோடு முழுக்க ஓடி, எங்கள் தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. கம்பம் இல்லை, ஆள் இல்லை, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று போகும்போதெல்லாம் ஒரு சாக்கு. எங்கள் தெரு எந்தத் தெரு என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் கேட்பதை விட்டுவிட்டார். அதனால்தான் ரெண்டாயிரத்துக்குப் பிறகு சின்ன டிஷ் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் முதல் டிஷ் எங்கள் மாடியில் ஏறியது. மாட்ட வந்தவர் பின்பக்கம்தான் வசதி என்றார். இவர் விடவில்லை. ரோட்டைப் பார்த்த கைப்பிடிச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று நின்றார். பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது தலையைச் சாய்த்து அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கியரை மாற்றுவாராம். கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் கடலோரம் அது. உப்புக்காற்று எந்த நட்டையும் சும்மா விடாது. கொஞ்சம் வேகமாகக் காற்றடித்தால் டிஷ் அசைந்துவிடும், திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வந்து நிற்கும். மீனவர் வீட்டில் வலைக்கயிறு வாங்கி வந்து இழுத்துக் கட்டிப் பார்த்தார். அப்போதும் அசைந்தது. அவர் ஏறினார், நான் கத்தினேன், தெரு வந்து உட்கார்ந்தது. இப்படியே வருஷங்கள் போயின.

அப்புறம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். பஸ் ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காலையில் யூனிஃபார்ம் போடுகிற நேரத்துக்குத் தூக்கம் தானாகக் கலையும், எழுந்து கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது. நான் வேலை பார்க்கிற அங்கன்வாடிக்குக் கிளம்புகிற அவசரத்தில், மோட்டார் போடுங்க, கீரை ஆயுங்க என்று எதையாவது சொல்லி வைத்துவிட்டு ஓடுவேன். டிஷ் அசைந்தால் மட்டும் பழைய ஆளாகிவிடுவார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி ஏணியில் இருப்பார். ஒருநாள் ஏணியைத் தூக்கிப் பின்பக்கம் போட்டுவிட்டேன். அவர் அதை முன்பக்கம் தூக்கி வந்தார். ஏறுவதைவிட அது மோசமாக ஆனது.

மகன் அப்போது நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தான். சனிக்கிழமை வருவான். ஏணிக் கதையைக் கேட்டுப் பதறிப்போனான். டிஷ் இருக்கிற வரைக்கும் நைனா ஏறும், டிஷ்ஷே வேண்டாம் என்றான். டெலிபோன் லைன் வழியாக நெட் வாங்கி, தன்னுடைய பழைய லேப்டாப்பை ஒரு ஒயரால் டிவியோடு சேர்த்துவிட்டான். சீரியல், சினிமா எல்லாம் நெட்டிலேயே வருகிறதாம். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். அப்பா மேலே இருந்த பாசத்தில்தான் செய்தான். அவனை நான் எப்படிக் குறை சொல்லுவேன்.

அவன் மேலே ஏறி டிஷ்ஷைக் கழற்றினான். இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரு ஏறிய நட்டு எது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கீழிருந்தே சொல்லிக்கொடுத்தார். டிஷ் இறங்கி வந்ததும் லுங்கியின் ஓரத்தால் துடைத்துவிட்டு, இதை எங்கமே வைக்கிறது என்று என்னைக் கேட்டார். சுண்டைக்காய் வத்தல் காயவைக்க நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம். அவர் சரி என்றார். அடுத்த நாளே வாசலோரத் தண்ணீர்த் தொட்டி மேல் அதை மல்லாத்தி வைத்து, வத்தலைப் பரப்பி, காக்கா விரட்ட ஒரு குச்சியும் பக்கத்தில் வைத்திருந்தார்.

எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்று ஆன பிறகு, எங்களோடு பார்க்க யாரும் வரவில்லை. முன்பு ஏழரை மணி என்றால் தெருவுக்கே ஏழரை மணி. இப்போது நேற்றைய கதையை யாரோ நெட்டில் ஏற்ற, அதை நாங்கள் இன்று பார்த்தோம். எத்தனை மணிக்கு வா என்று யாரைக் கூப்பிடுவது? அவரவர் வீட்டிலும் டிவி வந்துவிட்டது என்பதும் நிஜம்தான். அவர் மட்டும் சாயங்காலம் ஆனால் ரெட்டைக் கதவையும் முழுசாகத் திறந்து வைப்பார்.

நெட்டுக்கும் ஒரு நோய் இருந்தது. படம் பாதியில் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். முதல் தடவை அது சுற்றியபோது அவர் சட்டென்று எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசல் வரை போய்விட்டார். அங்கே அப்படியே நின்றார். மேலே போய்த் திருப்ப ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் யோசிப்பதற்குள், அவர் பக்கவாட்டுச் சுவருக்குப் போனார். கம்பத்திலிருந்து டெலிபோன் ஒயர் வந்து இறங்குகிற இடம் அது, ஏணிக்குப் பக்கத்தில். அங்கிருந்து குரல் வந்தது, வந்துச்சா என்று. வட்டம் அதுபாட்டுக்கு நின்று படம் ஓட ஆரம்பித்திருந்தது. வந்துடுச்சு என்றேன். உள்ளே வந்து, மாடியிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு வட்டம் சுற்றும்போதெல்லாம் போனார். ஒரு சனிக்கிழமை மகன் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஒயரை ஆட்டினால் லைன்தான் கெடும், அது தானாகவே வரும் என்று பொறுமையாக விளக்கினான். இவரும் சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினார். அவன் நாவலூருக்குப் போனதும் மறுபடி ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சல். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், அதான் புள்ள அவ்ளோ சொன்னானே, அங்க போயி இன்னாதான் பண்றீங்க என்று.

"தெரியாதா எனக்கு?" என்றார். "ஒயர நான் தொடறதே இல்லமே. சும்மா நிப்பேன். நான் கேக்கணும், நீ உள்ளேருந்து சொல்லணும். வேற இன்னா வேல கீது எனக்கு?"

நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு கத்திக் கத்தியே குடும்பம் நடத்தியவள் நான். அந்தக் கத்தல்தான் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லையே. அன்றிலிருந்து, வட்டம் சுற்றாத நாளில் அவர் பார்க்காதபோது லேப்டாப்பில் நானே படத்தை நிறுத்துவேன். நின்னு போச்சுங்க என்பேன். அவர் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டுவார். சீக்கிரம் வந்துடுச்சு என்று சொல்லமாட்டேன். வரல, வரல, கொஞ்சம் இருங்க என்று பழையபடி இழுப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்து, திரும்ப டிஷ் மாட்டிட்டீங்களா என்று கேட்டாள்.

மழைக்காலம் தொடங்கப்போகிற நேரம். கடல்காற்று தெருப்புழுதியை எல்லாம் உள்ளே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். படம் நின்றது. அன்று நான் நிறுத்தவில்லை, அதுவாகத்தான் நின்றது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் போனார். வந்துச்சா என்றார். இன்னும் வரல என்றேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. வந்துடுச்சு, வாங்க என்றேன். வரவில்லை. கதை போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் தெருவில் யாரோடு பேச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குக் கோபம். வந்துடுச்சுன்னு எத்தினி தடவ சொல்றது என்று உள்ளிருந்தே கத்தினேன். அப்புறம் எழுந்து போனேன்.

ஏணிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி அப்படியே இருந்தது. முதலில் அதை இறக்கிக் காலை மூடிவிட்டேன், தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அப்புறம்தான் அவர் கையைத் தொட்டேன். அப்புறம்தான் கத்தினேன். படம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு யாரும் உடனே வரவில்லை.

அவரை முன் அறையில்தான் கிடத்தினோம். டிவி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். ரெட்டைக் கதவையும் திறந்து வைத்தோம், தெரு மொத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்தது. புழுதிக் காலோடு வந்தார்கள்.

மகன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏறக் கூடாதுன்னுதானே கழட்டினேன், நைனா வெளிய இன்னாம்மா பண்ணிகினு இருந்துச்சு என்று. காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு, அவர் என்னிடம் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னேன். நான் படத்தை நிறுத்தி வைத்ததையும் சொன்னேன்.

மறுநாள் என்னை நாவலூருக்குக் கூட்டிப்போவதாக இருந்தான். அங்கே நெட் நல்ல வேகம், நிற்கவே நிற்காது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் ஆனதும் வீட்டின் அமைதி ரெண்டு பேருக்கும் தாங்கவில்லை. அவன் போர்வையை எடுத்துவிட்டு டிவியைப் போட்டான். ஏதோ ஒரு சீரியல் ஓடியது. யார் யார் என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படம் நின்று வட்டம் சுற்றியது.

நாங்கள் ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் எழுந்தான். வாசலைத் தாண்டிப் பக்கவாட்டுச் சுவர் பக்கம் போனான். அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"வந்துச்சாம்மா?"

படம் வந்துவிட்டிருந்தது. சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அவன் வெளியே நின்று மறுபடியும் கேட்டான்.