குழாய்கள் நின்ற அறை

மெக்கானிக் அண்ணன் முதல் குழாயை அறுத்துக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெஞ்சளவு உயரமுள்ள சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய். ஒரு பக்கத்தை மூடி போட்டு அடைத்திருந்தார். அதை அறையின் மூலையில் நிறுத்தி, திறந்த வாயில் உள்ளங்கையால் தட்டினார். தொம்மென்று ஒரு சத்தம் உள்ளேயிருந்து எழுந்தது. “இந்த ரூம்ல பேசுற பேச்செல்லாம் இந்தச் சத்தமாத்தான் சுவத்துல முட்டித் திரும்புது தங்கச்சி. இனிமே அதை இந்தக் குழாய் உள்ள வாங்கிக்கிரும்” என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தல்லாகுளத்தில் ஒரு சிறிய சங்கத்தின் பின்பக்க அறையில், பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துக் கேசட்டில் பதிவு செய்துகொண்டிருந்தோம். மற்ற நாள்களில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நான் ஞாயிறுதோறும் அங்கே போய் வாசிப்பேன். அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஆரப்பாளையத்தில் டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பதிவான கேசட்டைக் கேட்டுச் சரி சொல்பவர் கல்லூரியில் வரலாறு கற்பித்த சார். அவருக்கும் பார்வை கிடையாது. சன்னல் இல்லாத அந்தச் சிமெண்டு அறையில் என் குரல் குடத்துக்குள் பேசியதுபோல் பதிவாகிறது, பாதிச் சொற்கள் புரியவில்லை என்று சார்தான் முதலில் குறை சொன்னார்.

அண்ணன் வெவ்வேறு நீளத்தில் எட்டுக் குழாய்கள் அறுத்தார். வாயில் கொஞ்சம் பஞ்சு திணித்து மூலைக்கு இரண்டாக நிறுத்தினார். அடுத்த வாரம் வாசித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சுவரிலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. சார் கேசட்டைக் கேட்டுவிட்டு, “பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு மெக்கானிக்” என்றார். கோடை விடுமுறைக்காக அவர் ஊருக்குக் கிளம்பினார். வேலை அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிறு நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். “ம்ம்னு ஒரு இரைச்சல் வருதே. கேக்குதா?” என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். டியூப் லைட்டை அணைத்தார். கடைசியில் மெயினையே அணைத்துவிட்டு வந்தார். பட்டப்பகலில் இருட்டாகிவிட்ட அந்த அறையில், வியர்வை வழிய, நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். “இப்பக் கேக்குதா தங்கச்சி?” என்று மறுபடியும் கேட்டார்.

“ஆமாண்ணே. லேசாக் கேக்குது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பழுதான ரெக்கார்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டே உள்ளே எந்தப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். அவருக்குக் கேட்பது எனக்குக் கேட்கவில்லை என்றால் குறை என் காதில்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த இருட்டிலிருந்து சீக்கிரம் வெளியே வரவேண்டும் என்றும் இருந்தது.

அதன்பிறகு வாராவாரம் குழாய்கள் கூடின. நீளமானவை, குட்டையானவை, படுக்கவைத்துக் கட்டியவை. சுவர் தெரியாமல் போயிற்று. வாசிப்பு நின்றுபோய், அவர் குழாய்களை மாற்றி மாற்றி வைப்பதும் நான் உட்கார்ந்து பார்ப்பதுமாக ஞாயிறுகள் கழிந்தன. என் நாற்காலி நடு அறைக்கு நகர்ந்தது. சுற்றிலும் அந்தத் திறந்த வாய்கள் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். அண்ணனிடம் பேச்சு குறைந்தது. வலப்பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. கோபமாக இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். வாசலைத் தாண்டும்போது தோள் நிலையில் இடிக்கும். ஒருநாள் வெறும் தரையில் தடுமாறி, குழாய்களைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். “தூக்கமில்ல, அதான்” என்றார். ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் கேட்கிறது என்பேன்.

விடுமுறை முடிந்து சார் வந்தார். உள்ளே நுழைந்து, கையால் குழாய்களைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். “எதுக்கு இம்புட்டு?” என்றார். அண்ணன் இரைச்சலைப் பற்றிச் சொன்னார். சார் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

“ரூம்ல ஒண்ணுமில்ல மெக்கானிக்.”

“இந்தப் பிள்ளைக்கும் கேக்குது சார். கேட்டுப் பாருங்க.”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அழுதுவிட்டேன். “எனக்குக் கேக்கலண்ணே. ஒருநாளும் கேக்கல” என்றேன்.

சார் எழுந்து அண்ணன் தோளைப் பிடித்து முற்றத்துக்கு அழைத்துப்போனார். வெளியே பஸ் சத்தம், வெயில். “இங்க கேக்குதா?” என்றார். கேட்கிறது என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். எந்தப் பக்கம் என்றதற்கு, “வலது காதுல” என்றார். இடது காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொள்ளச் சொன்னார் சார். பிறகு வலப்பக்கம் நின்று பேச ஆரம்பித்தார். கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், ஊருக்கு எப்போது போனீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணன் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

“என்ன சார், ஆரம்பிங்க” என்றார்.

சாரின் பேச்சு பாதியில் நின்றது.

கேட்கும் நரம்பில் கட்டி என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். உயிர் தப்பியது. வலது காது போயிற்று. முகத்தின் வலப்பாதி தொங்கிவிட்டது. பல வருடங்களாக வளர்ந்த கட்டி, இரண்டு மாதம் முன்னே பின்னே என்பதால் பெரிய வித்தியாசமில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சார் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அறையை அண்ணன் அமைதியாக்கியதால்தான் காதுக்குள் இருந்த சத்தம் அவருக்குத் தெரியவந்தது என்றும் சொன்னார். இரண்டையும் நம்பினேன். ஆனாலும், இந்த வயதிலும், யாராவது “உனக்குக் கேக்குதா?” என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வாய் வருவதில்லை.

அறுவை முடிந்து சில மாதங்களுக்குப் பின் உசிலம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். மதினி என்னை அண்ணனின் இடப்பக்கமாக உட்காரவைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். மூட முடியாத வலது கண்ணை அண்ணன் துண்டால் அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் ஒரு பக்கமாக ஒழுகி வந்தன.

“அன்னைக்கு ஏன் தங்கச்சி கேக்குதுன்னு சொன்ன?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நீங்க சொன்னா இருக்கும்னு நெனச்சேண்ணே.”

அண்ணன் தலையை ஆட்டினார்.

“நீ கேக்குதுன்னதும் நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றார்.