நடுவட்டத்தில் ஒரு வெள்ளைக் காய்

காலை 6.10, பெரம்பலூர். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரியலூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு அந்த ஊரின்மேல் நம்பிக்கை இல்லை. சும்மா ஊர் பார்க்கப் போகவில்லை. அங்கே ஒரு சிமெண்டு ஆலையின் மனமகிழ் மன்றத்தில் கேரம் இறுதிப் போட்டி. ஜெயிப்பவனுக்கு ஆலையின் ஸ்டோரில் குமாஸ்தா வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்து மூன்று வருடமாக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நடந்து என் செருப்புத்தான் தேய்ந்திருந்தது. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் அப்பா, "சூதானமா ஆடுடா. வெளியூர்க்காரன ஜெயிக்க வுட மாட்டானுவ" என்று சொல்லி அனுப்பினார்.

தூரம் சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது பைசா. பேரளி தாண்டும்வரை இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி. அரியலூர் நெருங்க நெருங்க மண் வெளுத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசி வேப்பமரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கண்டக்டர் என் கையிலிருந்த ஸ்ட்ரைக்கர் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"கேரமா? யாரோட?"

"ஆரோக்கியசாமின்னு ஒருத்தர். ஏலாக்குறிச்சி."

"அடேயப்பா, அவனா! தங்கமான பய" என்றார்.

தங்கமாம்! போட்டிக்கு வருகிறவனிடம் எதிராளியை இப்படிப் புகழ்ந்தால் என்ன அர்த்தம்? இவரும் அவன் ஆள்தான் என்று முடிவு கட்டினேன்.

காலை 8.30. மன்றம் என்பது ஓடு வேய்ந்த நீளமான கூடம். ஆரோக்கியசாமி வாசலிலேயே நின்றான். என் வயதுதான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தினக்கூலி. இந்த வேலை அவனுக்கும் வேண்டும். அப்படிப்பட்டவன் என்னைப் பார்த்து முகம் சுளித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவனோ, "வாங்க சார், டீ சாப்புடுறீங்களா? வெளிச்சம் போதுமா? நாற்காலிய மாத்திப் போடட்டுமா?" என்று உபசரித்தான். இவ்வளவு மரியாதை எதற்கு? டீயில் பேதி மாத்திரை போட்டிருப்பானோ என்றுகூடத் தோன்றியது. வேண்டாமென்று விட்டேன். நாற்காலியை மட்டும் நானே மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

காலை 9.15. மூன்று ஆட்டம். முதலாவது எனக்கு, அடுத்தது அவனுக்கு. மூன்றாவதில் அவன் சிவப்பை எடுத்துவிட்டான், ஆனாலும் என் வெள்ளை ஒன்றுதான் பாக்கி. அதைப் போட்டால் வேலை எனக்கு. அடித்தேன். வெள்ளை குழி வாயில் போய் நின்றது, ஸ்ட்ரைக்கர் உள்ளே விழுந்தது.

ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஃபைன். நான் ஏற்கெனவே எடுத்த காய் ஒன்றை எதிராளி நடுவட்டத்துக்குள் வைப்பான். பெரம்பலூரில் பாதி ஆட்டமே அந்த இடத்தில்தான். வட்டத்தின் விளிம்பில், ஏதாவது காயின் முதுகுக்குப் பின்னால், எந்தக் கொம்பனாலும் அடிக்க முடியாதபடி ஒளித்துவைப்போம். இவன் இரண்டு விரலால் எடுத்து, நட்டநடுவில் வைத்தான். இதில் என்ன சூழ்ச்சி என்று தேடினேன்.

பிறகு அவன் ஆட்டம். பாக்கியிருந்த இரண்டு கறுப்பில் ஒன்றைப் போட்டான். இன்னொன்று குழி வாயில் நின்றுவிட்டது. ஊதினால் விழும். ஆக, இந்தக் கையிலேயே நான் முடித்தாக வேண்டும். வாயில் நின்ற வெள்ளையைத் தட்டிவிட்டேன். மிச்சம் நடுவில் இருப்பதுதான். இடது ஓரத்திலிருந்து அடித்தால் எதிர் மூலைக்கு நேர் கோடு. பள்ளிக்கூடப் பையன் போட்டுவிடுவான்.

அப்போது ஆரோக்கியசாமி மெதுவாகச் சொன்னான்: "நேரா அடிங்க சார். உழுந்துரும்."

என் கை நின்றுவிட்டது. எதிராளி எதற்காக யோசனை சொல்கிறான்? நடுவில் பவுடரை அதிகமாகத் தூவியிருக்கிறானா? பலகை அந்தப் பக்கம் சரிந்திருக்கிறதா? குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததே சந்தேகத்தைக் கூட்டியது. நேர் கோட்டை விட்டுவிட்டு, எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பும்படி அடித்தேன். ஸ்ட்ரைக்கர் காயைத் தொடக்கூட இல்லை.

அவன் கறுப்பைப் போட்டான். கூடம் கைதட்டியது.

மதியம் 3.40, அரியலூர் பஸ் நிலையம். வழியனுப்ப வந்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நடுவுல ஏன் வெச்சீங்க?"

"இங்க எல்லாரும் நடுவுலதான் வைப்போம் சார். ஒளிச்சு வைக்கிறது அசிங்கம்."

"சரி, நேரா அடிக்கச் சொன்னது? நான் அடிச்சிருந்தா வேலை போயிருக்குமே!"

சிரித்தான். "நான் சொன்னப்பறம் நீங்க அடிக்க மாட்டீங்கன்னு தெரியும் சார். ஆனா பொய் சொல்லல பாருங்க."

அறைய வேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

மாலை 5 மணி, பெரம்பலூர். அப்பா சைக்கிளோடு பஸ் நிலைய வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

"என்னடா ஆச்சு?"

"ஏமாத்திட்டானுவப்பா" என்றேன்.

எப்படி, யார் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்டா" என்று சைக்கிளைத் திருப்பினார். கேரியரில் உட்கார்ந்தேன். வீடு வரும்வரை அரியலூர்க்காரர்களைத் திட்டிக்கொண்டே மிதித்தார்.